உமா வீட்டில் இறக்கவில்லை

கதிருக்கு,

வியாழக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு, "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. பதில் இருபத்தொரு வருடமாக என்னிடம் இருக்கிறது. போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய், நான் நிறுத்திக்கொள்வேன், பிறகு இருவருமே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். அதனால் எழுதுகிறேன். உன் மாமா கூடத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறான். பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்து மதுரைக்கு வந்து இதை உன் கையில் தருவான். இதில் இருப்பது உண்மைதானா என்று கேட்கத் தோன்றினால் அவனிடமே கேள். என் தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். ஒரே ஒரு பொய்யைத்தான் அவன் வாழ்நாளில் காப்பாற்றினான், அதுவும் நான் சொன்னதற்காக.

நீ கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீயே பார்த்துக்கொள். உன் ஐ.சி.யூ.வில் மண்டபத்துப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. ஆறு வயது. தகப்பன் கடலுக்குப் போகிறவர். ரத்தப் புற்றுநோய், இனி எந்த மருந்தும் கேட்காது, மிஷினில்தான் மூச்சு ஓடுகிறது. குழாயை எடுத்துவிட்டு, திணறலும் வலியும் தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து, பெற்றவர்கள் பக்கத்தில் இருக்க அங்கேயே போகட்டும் என்று நீ சொன்னாய். தகப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "மூச்சோட வீட்டுக்குக் கொண்டு போயிரணும் சார். செத்த பிள்ளையாக் கொண்டு போனா எங்க ஆத்தா வாசப்படி ஏத்தாது" என்கிறார். மூன்று மணி நேரம் வேனில், கையால் மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே. உன் பெரிய டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். நீ மட்டும் தயங்குகிறாய். "நம்ம உமாக்காவையும் அப்படித்தானம்மா கொண்டாந்தோம்? அக்கா வீட்டுக்கு வந்து, என்னையப் பாத்துட்டு, நிம்மதியாத்தானே போனா? செவ்வாய்க்கிழமை அனுப்பிரலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாய்.

உமா வீட்டில் இறக்கவில்லை. உன்னைப் பார்க்கவும் இல்லை. இளையான்குடிக்கு முன்னால், காரில் இறந்துபோனாள். அங்கிருந்து நம் வீட்டு வாசல் வரை உன் மாமா அமுக்கிக்கொண்டு வந்தது இறந்த பிள்ளையின் நெஞ்சுக்குள் போன காற்று. அவனை அமுக்கச் சொன்னது நான். "அக்கா உன்னைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்" என்று உன்னிடம் சொன்னதும் நான். அப்போது உனக்கு ஏழு வயது. அந்த வயதுக்கு அது போதும் என்று நினைத்தேன். நீ அதையே பிடித்துக்கொண்டு டாக்டராகவும் ஆவாய், ஒருநாள் அதை வைத்தே இன்னொரு குழந்தைக்கு முடிவெடுக்கவும் நிற்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது நீ நிற்கிறாய். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வருத்தப்படுவதற்காக எழுதவில்லை. தகவலாகப் படி.

உமாவுக்கு இதயத் தசையில் பலம் இல்லை என்று எட்டாவது வயதில் தெரிந்தது. அந்த வருடம் மூன்று முறை மதுரையில் சேர்த்தோம். மூன்றாவது முறை மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். குழாய் இருந்தால் பேச முடியாது என்பதால் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்திருந்தார்கள். அவளுக்குத் தகப்பனின் துடுக்கு வாய், உன் அய்யாவின் வாய். முதல் நாளே எழுதிக் காட்டினாள்: "இந்த சிஸ்டர் உங்களப் பாத்தா பயப்படுது." சிஸ்டரை "பயப்படுது" என்று எழுதக் கூடாது, "பயப்படுகிறார்" என்று எழுது என்றேன். பென்சிலை வாங்கித் திருத்தியும் காட்டினேன். அதற்குக் கீழே அவள் எழுதினாள்: "நானும் பயப்படுகிறார்." சிஸ்டர் சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம். நான் கான்வென்ட் ஹாஸ்டலில் பத்து வருடம் வளர்ந்தவள், அதே பள்ளியில் பாடமும் நடத்தியவள். பிள்ளை நோயில் கிடந்தாலும் எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படிந்திருந்தது.

அந்த வார்டில் பெற்றவர்களுக்குக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. மற்ற தாய்மார்கள் கதவைத் தட்டுவார்கள், ஆயாவிடம் கெஞ்சுவார்கள், எப்படியோ உள்ளே போய்விடுவார்கள். நான் ஒருநாளும் ஒரு நிமிடம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் நிற்கவில்லை. "உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்குக் கஷ்டமே இல்லம்மா" என்று ஒரு சிஸ்டர் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். உமா உள்ளே படுக்கையைக் கையால் தட்டிக் காட்டுவாள், இங்கே உட்கார் என்று. பார்வையாளர் கட்டிலில் உட்காரக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. நான் நின்றேன். உன் வார்டில் தாயைப் பகல் முழுவதும் உள்ளே விட வேண்டும் என்று நீ சண்டை போட்டு வாங்கியதாகச் சொன்னாய் அல்லவா, அதைக் கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். நீ நான் உடன்படவில்லை என்று நினைத்தாய். காரணம் அதுவல்ல.

ஒன்பதாம் நாள் காலை பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். உன் அய்யா முந்தின நாள்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு வர ஊருக்குப் போயிருந்தார். நான் தனியாகத்தான் இருந்தேன், கூட உன் மாமா. டாக்டரம்மாவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "இனிமே மிஷின் அவளுக்கு நல்லது செய்யலம்மா. குழாயை எடுத்துடலாம். திணறாம இருக்க ஊசி போடுறேன். ஓரமா ஒரு ஸ்க்ரீன் கட்டித் தரச் சொல்றேன். நீங்க மடியில வச்சுக்கங்க. அவங்க அப்பாவும் தம்பியும் வர்ற வரைக்கும் நாம பாத்துக்கலாம்" என்றார். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லும் டாக்டர் அபூர்வம் என்பது எனக்கு நீ இந்தப் படிப்புக்குப் போன பிறகுதான் தெரியும். அன்று எனக்கு அது கைகழுவும் பேச்சாகத்தான் கேட்டது. நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். என் மகளை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புகிறேன், உயிரோடு கொண்டுபோக விரும்புகிறேன் என்றேன். அவர் இரண்டு முறை கேட்டார். "வழியில ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். ஆகாது என்றேன்.

என் மனதில் அப்போது இருந்தது இதுதான். நம் ஊரில் வெளியில் இறந்தவர்களை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. உன் பெரிய தாத்தா பரமக்குடி ஆஸ்பத்திரியில் இறந்தபோது தெருவில் பந்தல் போட்டு அங்கேயே வைத்து எடுத்தார்கள், நான் கல்யாணமாகி வந்த இரண்டாவது வருடம். அதை நான் பார்த்திருந்தேன். உமா தெருவில் கிடக்கக் கூடாது என்று நினைத்தேன். இதைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். சொல்லாமல் விட்டது இன்னொன்று. நம் தெருவில் எனக்குக் கான்வென்ட்டுக்காரி என்று பெயர். பதினான்கு வருடமாகியும் அது போகவில்லை. படித்தவள், அவளுக்கு நம் வழக்கம் எங்கே தெரியப்போகிறது என்று பின்னால் பேசுவார்கள். என் பிள்ளையின் சாவில் நான் ஒரு முறைகூடத் தவறக் கூடாது என்று இருந்தேன். இந்த இரண்டில் எது பெரிய காரணம் என்று என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து ஊர் போஸ்ட் ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டேன். உன் அய்யா ஓடிவந்து பேசினார். "வர வேண்டாம், மூச்சோடு நாங்களே கொண்டு வருகிறோம்" என்றேன். "டாக்டர் சொன்னாகளா?" என்றார். "நான் சொல்கிறேன்" என்றேன். "சரி, வாங்க" என்றார். மூன்று நிமிட டிரங்க் காலில் இவ்வளவுதான் பேசினோம். இன்னொரு கேள்விக்கு அதில் இடம் இருந்தது. டிஸ்சார்ஜ் படிவத்தில் உன் அய்யாவின் இனிஷியலைத் தவறாகப் போட்டிருந்தார்கள். அதைத் திருத்தச் சொல்லி, திருத்திய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

பையை அமுக்கும் விதத்தை ஒரு சிஸ்டர் உன் மாமாவுக்குக் கால் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தாள். வாடகை அம்பாசடர் கார், மூன்று மணி நேர வழி. பின்சீட்டில் உமாவைக் கிடத்தி, தலைமாட்டில் அவன், கால்மாட்டில் நான். அவன் பயத்தில் வேகமாக அமுக்கினான். அதனால் நான் எண்ணினேன். பள்ளிக்கூடத்தில் டிரில்லுக்கு எண்ணுவதுபோல, சத்தமாக. ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கு. உமாவுக்கு மானாமதுரை வரை நல்ல நினைவு இருந்தது. கண் திறந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். ஒரு தரம் கையைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள். "ஆட்டாதே, குழாய் கழன்றுவிடும்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். கார் குலுங்கும்போதெல்லாம் குழாய் அவள் தொண்டையில் இடித்தது. முகம் சுருங்கும், இருமல் வரும், சத்தம் வராது. குழாய் உள்ள பிள்ளை இருமுவது எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இளையான்குடிக்கு முன்னால் உன் மாமா, "அக்கா, பிள்ள கை சில்லுனு இருக்கு" என்றான்.

"அமுக்கு" என்றேன்.

"அக்கா, கண்ணைப் பாருங்கக்கா."

"பார்த்தேன். நீ அமுக்கு."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். வயதானவர். "இளையான்குடியில ஆஸ்பத்திரி இருக்கும்மா, நிப்பாட்டவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் அதன் பிறகு ஹாரன்கூட அடிக்கவில்லை. உன் மாமா அழுதுகொண்டே அமுக்கினான். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். என் மகள் கடைசியாகக் கேட்ட என் குரல் எண்களாக இருந்தது. நீ உன் வார்டில் தாய்மார்களுக்கு எதைச் சொன்னாலும், இந்த ஒன்றை ஒருத்திக்கும் நேரவிடாதே.

வாசலில் ஊர் கூடியிருந்தது. உன் அய்யா வந்து அவளை அள்ளித் தூக்கினார். உன் மாமா கூடவே நடந்து, அமுக்கிக்கொண்டே உள்ளே வந்தான். நடுவீட்டில் கிடத்தினோம். அப்போதுதான் நீ அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, "அக்கா மூச்சு விடுறா! அக்கா மூச்சு விடுறா!" என்று கத்தினாய். நீ நினைவில் வைத்திருப்பது அதைத்தான். நான் உன் மாமாவைப் பார்த்தேன். அவன் கையை எடுத்தான். உன்னிடம் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அழுகை கிளம்பியது. முறைப்படி எல்லாம் நடந்தது. ஒருத்தி என் காதில் விழும்படியே, "கான்வென்ட்டுக்காரின்னாலும் பிள்ளய மூச்சோட கொண்டாந்து சேத்துட்டா" என்றாள். அது என் காதில் விழுந்தபோது எனக்கு ஒரு நிறைவு இருந்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை.

பிள்ளைகளை எரிப்பதில்லை. சாயங்காலத்துக்குள் கண்மாய்க்கு இந்தப் பக்கம் நம் புஞ்சையில் புதைத்துவிட்டு வந்தார்கள். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உன் அய்யா கொல்லையில் என்னிடம் வந்தார்.

"எங்கன வச்சு உசுரு போச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"தூக்கும்போதே தெரிஞ்சுச்சு. அப்புறம் எதுக்கு அவன் அமுக்கிக்கிட்டே வந்தான்?"

"வெளியில் இறந்ததை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம்தானே. பெரியப்பாவைத் தெருவில்தானே வைத்தீர்கள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை. கோபம் என்று நினைத்தேன். "அது பெரிய ஆளுகளுக்குடி. கல்யாணங்காச்சி கண்டவுகளுக்கு. பிள்ளைகளுக்கு ஏது அதெல்லாம்? எந்தங்கச்சி திருவாடானை ஆஸ்பத்திரியிலதான் செத்தா, அஞ்சு வயசுல. எங்கய்யா தோள்ல போட்டுத் தூக்கியாந்து இதே நடுவீட்லதான் கெடத்துனாரு. யாரும் ஒரு சொல்லு சொல்லல. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. போன்லதானே பேசுன?" என்றார். பிறகு, "நானாச்சும் கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் இறக்கும் வரை அதை மறுபடி பேசவில்லை. என்னை ஒருமுறையும் குத்திக் காட்டவில்லை. உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நீ மெடிக்கல் காலேஜில் சேர்ந்த அன்று மட்டும் கேட்டார். படிப்பு கெடும், பிறகு பார்க்கலாம் என்றேன்.

ஆக, கதிர், அந்த மூன்று மணி நேரம் யாருக்காகவும் தேவைப்படவில்லை. ஊர் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை, உன் அய்யா கேட்கவில்லை. ஒரு வழக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்து, அதன் விதிவிலக்கைத் தெரிந்துகொள்ளாமல், அதிலேயே பிறந்தவர்களைவிட நான் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும் என்பதால் கேட்கவில்லை. டாக்டரம்மா கொடுத்த மடி, ஸ்க்ரீன், ஊசி, அன்று மாலைக்குள் வந்து சேர்ந்திருக்கக்கூடிய நீயும் உன் அய்யாவும், இவற்றையெல்லாம் கொடுத்து நான் வாங்கியது தெருவில் ஒருத்தி சொன்ன ஒரு வாக்கியம்.

நீ முதுகலைப் படிப்பு முடித்த அன்று மேடையில் பேசினாய். "எங்க அக்கா எங்க வீட்டில் நிம்மதியா போனா. ஒவ்வொரு குழந்தைக்கும் அது கிடைக்கணும்" என்றாய். நான் முன் வரிசையில் இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை விலக்கவும் இல்லை. உன் பேச்சின் இரண்டாவது பாதி சரி, முதல் பாதி பொய் என்று எனக்குத் தெரியும். சரியான ஒன்றைத் தவறான காரணத்துக்காக நீ நம்பினால் என்ன கெட்டுவிடும் என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். இப்போது கெடப்போகிறது.

வீட்டில் சாவது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தத் தகப்பன் மூடர் என்றும் நினைக்காதே, நான் அவரைவிட நூறு மடங்கு படித்தவள். அவர் என்ன கேட்கிறார் என்பதை மட்டும் கண்டுபிடி. அவருக்கு வேண்டியது மூச்சா, வாசப்படியா? வாசப்படிதான் என்றால், அவர் ஆத்தாளிடம் கேட்டாரா? மண்டபத்து வழக்கம் எனக்குத் தெரியாது. நம்முடையது மாதிரியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் இன்னொரு தடவை எழுத மாட்டேன். ஆனால் எல்லார் கையிலும் இப்போது செல்போன் இருக்கிறது. அவரை உட்காரவைத்து, உன் எதிரிலேயே அந்த ஆத்தாளைக் கூப்பிடச் சொல். "பிள்ளையை எப்படிக் கொண்டுவந்தால் உள்ளே விடுவாய்?" என்று நேராகக் கேட்கச் சொல். அந்தக் கிழவி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவளைத் தவிர எல்லோரும் அவளுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

குழந்தையின் தாயைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவள் பேசுவதில்லை என்று நினைக்கிறேன். அவளிடம் தனியாகக் கேள். நின்றுகொண்டு கேட்காதே. போன தடவை நான் வந்தபோது பார்த்தேன், நீ பெற்றவர்களிடம் நின்றுகொண்டு பேசுகிறாய், ஒரு கால் கதவுப் பக்கம் இருக்கிறது. அது உன் வயதுக்கு நன்றாக இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். அவள் அழுதால் அழட்டும், பேச்சை நிரப்பாதே. இது எனக்கு வராத காரியம், அதனால் அதன் அருமை எனக்குத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் வீட்டுக்குத்தான் என்றால், அனுப்பு. தடுக்காதே. ஆனால் வழியில் போய்விடலாம் என்பதை வாய்விட்டுச் சொல். சொல்லாமல் விட்டால் அவர்கள் குழந்தையைப் பார்க்க மாட்டார்கள், பையைத்தான் பார்ப்பார்கள். திணறலுக்கும் வலிக்கும் மருந்து கூடப் போகட்டும், கொடுக்கத் தெரிந்த நர்ஸும் போகட்டும். பையை அமுக்குவது வெளி ஆளாக இருக்கட்டும். பெற்றவர்கள் கை குழந்தைமேல் இருக்க வேண்டும். உயிர் போய்விட்டால் அங்கேயே அமுக்குவதை நிறுத்திவிடலாம், அதில் குற்றமில்லை என்று டாக்டராக நீ முன்கூட்டியே சொல்லி அனுப்பு. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு.

இந்தக் கடிதத்தை அந்தத் தகப்பனிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் படித்துக் காட்டு. என் பெயரையும் சொல்லலாம். நம் ஊரில் யாருக்காவது தெரிந்துவிடுமே என்று பார்க்காதே. எனக்கு வயதாகிவிட்டது, அந்தத் தெருவில் என்னைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேர் இல்லை.

இனி நம் இருவர் விஷயம். உனக்கு என்மேல் கோபம் வரும். வர வேண்டியதுதான். உன் அக்காவின் முகத்தை நீ கடைசியாகப் பார்த்த காட்சியை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன், அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. மன்னிப்பை இங்கே கேட்கவில்லை. கேட்டால் நீ எனக்குப் பதில் சொல்ல உட்கார்ந்துவிடுவாய். என்னைக் கோபித்துக்கொள்ள உனக்கு நிறைய நாள் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை வரைதான்.

மாமா உன்னோடு இரண்டு மூன்று நாள் இருக்கட்டும். பதில் எழுத வேண்டாம், போனும் செய்ய வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பிள்ளை எங்கே போனாள், யார் கையில் போனாள் என்பதை மட்டும் அவனிடம் சொல்லி அனுப்பு.

அம்மா